என் தெர்மாகோல் விமானத்தைப் பார்த்த பைலட்

தற்பெருமை பேசுவதற்கும் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நான் என் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் மனம்விட்டுத் தற்பெருமை பேசினேன். (எங்கள் வீட்டில் இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.) அந்த ஒரு நாள் நான் பேசியதை ஒரு போலீஸ்காரர் வரி விடாமல் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

2000-ஐ ஒட்டிய வருடங்கள் அவை. இன்றைக்குக் கல்யாண மண்டபத்துக்கு மண்டபம் டிரோன் பறந்து நம் வழுக்கையைப் படம் பிடிக்கிறது. அன்றைக்கு அந்த வார்த்தையே எங்கள் புதுப்பட்டினத்துக்கு வந்து சேரவில்லை. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, பரீட்சை எழுதி, பக்கத்திலேயே கல்பாக்கத்தில் மத்திய அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். என் தாத்தா அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர். அப்பா ஒப்பந்தக் கூலி. எங்கள் வம்சத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் நான்தான். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது: போலீஸ் வெரிஃபிகேஷன்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வேலைக்கு ஆர்டர் வருமுன் போலீஸ் வரும். தெருவில் நாலு பேரிடம் "பொண்ணு எப்படி?" என்று கேட்பார்கள். யாராவது உதட்டைப் பிதுக்கினால் வேலை போச்சு. ஆகவே அம்மா ஒரு மாதமாகத் தெருவையே தயார் செய்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கறிக்குழம்பு கொதித்தால் எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். கூடவே ஒரு விண்ணப்பமும் போகும்.

"யாராச்சும் வந்து ஸ்டெல்லாவப் பத்திக் கேட்டா நல்லா சொல்லுங்கப்பா. கொறச்சி மட்டும் சொல்லிடாதீங்க."

தெரு அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றியது என்பதுதான் இந்தக் கதை.

போலீஸ் வரும்வரை எனக்குப் பொழுது போகவில்லை. ஒரு விமானம் செய்தேன். ஆறடி நீளத்துக்குத் தெர்மாகோல் இறக்கை, உள்ளே மூங்கில் சிம்பு, மேலே சர்ச் அலங்காரத்தில் மிச்சமான வெள்ளித் தாள், மூக்கில் பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார். மோட்டார் சுற்றியது அழகுக்காக மட்டுமே. மற்றபடி அதைக் காற்றாடி மாதிரித்தான் விட வேண்டும், மீன்பிடிக்கிற நைலான் நரம்பைக் கட்டி. ஒரு காலை நேரம், ஆடிக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோது விட்டேன். ஏறியது! நான் நரம்பை விடவிட ஏறிக்கொண்டே போனது. கஞ்சி குடிக்கக் கூப்பிட வந்த அம்மா அண்ணாந்து பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நரம்பு அறுந்தது. வெள்ளிப் புள்ளியாகக் கடல் மேல் போய் மறைந்தது என் விமானம். நான் அழுதேன். அம்மா கைதட்டினாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சாதாரண பேண்ட் சட்டை, ஆனால் போலீஸ் கிராப்பு, கையில் ஃபைல். தெருவுக்குப் புரிந்துவிட்டது. வந்தாயிற்று வெரிஃபிகேஷன்!

எதிர்வீட்டுக் கன்னியப்பன் அண்ணன் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் அவரிடம், "இந்தப் பக்கம் பிளேன் மாதிரி ஏதாச்சும் வுட்டவங்க கீறாங்களா?" என்று கேட்டார்.

"இன்னா சார் இப்பிடிக் கேட்டுட்ட? நம்ம ஸ்டெல்லா வுட்டதுதான்! எம்மாம் பெருசு தெரியுமா? இந்த ஆட்டோவ வுடப் பெருசு!" என்றார் அண்ணன். (விமானம் பறந்த நேரத்தில் அவர் வீட்டுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.)

பக்கத்துவீட்டு மேரி அக்கா தானாகவே ஓடி வந்தாள். "பிளேன் மட்டுமா சார்? எங்க வூட்டு ரேடியோவ அவதான் ரிப்பேர் பண்ணா. இப்ப சிலோன் ஸ்டேஷன் கிட்டக்க ஒக்காந்து பேசற மாதிரி கேக்குது!"

அவர் பேனாவைத் திறந்தார். அதற்குள் நானும் வந்துவிட்டேன். அம்மா டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"எவ்ளோ தூரம் போவும்மா அது?"

"காத்து நல்லா இருந்தா சிலோன் வரைக்கும் போவும் சார்."

"இன்னா வெயிட் தாங்கும்?"

"அஞ்சு கிலோ ஈஸியா தூக்கும் சார்." (தன் மூக்கிலிருந்த மோட்டாரையே அது முக்கி முனகித்தான் தூக்கியது.)

"கூட யாராச்சும் சேந்து செஞ்சாங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரும் இல்ல சார். எல்லாம் என் சொந்த மூளை. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். கீழே கோடும் போட்டார். மறுநாள் செங்கல்பட்டு போலீஸ் ஆபீசுக்கு வரவேண்டும், மிச்சம் மீதி இருக்கும் சாமான்களையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு, முறுக்கைத் தொடாமல் போனார். அங்கே கையிலேயே ஆர்டர் கொடுப்பார்கள் என்று அம்மா முடிவு கட்டினாள். கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டாள். முதலில் செய்து, வளைந்துவிட்டது என்று நான் ஒதுக்கிய ஒரு பக்கத்து இறக்கை மட்டும், மூன்றடி நீளத்துக்கு, இருந்தது. அதைக் குழந்தை மாதிரித் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

செங்கல்பட்டில் இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். மீனம்பாக்கத்தில் இறங்கவந்த பயணிகள் விமானத்தின் பைலட், எங்கள் ஊருக்கு வடக்கே திருவிடந்தைக்கு நேரே கடல் மேல், தன் விமானத்துக்கு அருகில் வெள்ளி நிறத்தில் ஆளில்லாத விமானம் போல ஒன்றைப் பார்த்திருக்கிறார். கார் அளவு இருக்கலாமாம்.

முந்தைய நாள் வந்தது வெரிஃபிகேஷனே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"பைலட்டே பாத்தாரா சார்? நல்லா தெரிஞ்சிச்சாமா?"

இன்ஸ்பெக்டர் தாளைக் கீழே வைத்தார். "ஏம்மா, கடலோரம் முழுக்க ஊர் ஊரா விசாரிச்சோம். ஒருத்தன் வாயத் தொறக்கல. உங்க தெரு மட்டும் போட்டி போட்டுக்கினு சொல்லிக்கீது. இந்தப் பொண்ணோட வெரிஃபிகேஷன் ஃபைலும் இதே மேஜைலதான் கீது. சிலோனு, அஞ்சு கிலோனு எழுதி நா மேல அனுப்பினா இன்னா ஆவும் தெரியுமா?"

தெரிந்தது. அங்கே சண்டை நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத்தில் 'சிலோன்' என்று சத்தமாகச் சொல்வதற்கே யோசிக்க வேண்டும். நானோ அங்கே ஐந்து கிலோ சரக்கை விமானத்தில் அனுப்ப முடியும் என்றே சொல்லியிருக்கிறேன். தாத்தாவின் ஏர், அப்பாவின் கூலி, அம்மாவின் கறிக்குழம்பு எல்லாம் கண்முன் வந்துபோயின.

"சார், எல்லாம் பொய் சார். பெருமைக்குச் சொன்னேன். அது வெறும் தெர்மாகோல். பறக்கவே பறக்காது சார்!"

மனிதர் நல்லவர். துணியைப் பிரித்து இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பறக்காதுன்னே எழுதிக் குடு" என்று வெள்ளைத் தாளை நீட்டினார். பேனாவை எடுத்தேன்.

"ஏன் சார் பறக்காது?" என்றாள் அம்மா.

"அம்மா, சும்மா இரு!"

"நீ சும்மா இருடி. பறந்துச்சி சார். நா ரெண்டு கண்ணால பாத்தேன். எம் பொண்ணு செஞ்சது எப்பிடிப் பறக்காம போவும்?"

"யம்மா, வேல போயிடும்மா" என்று நான் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

அதுவரை இல்லாத கரண்ட் அப்போது வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெரிய ஃபேன் உறுமிச் சுற்றியது. மேஜை மேலிருந்த இறக்கை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து எழும்பி, வாசலில் நின்ற கான்ஸ்டபிளின் தொப்பியைத் தட்டிவிட்டு வராந்தாவில் போய் இறங்கியது.

"பாத்தீங்களா சார்!" என்று அம்மா கைதட்டினாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என்னிடமிருந்த தாளைப் பிடுங்கி, தானே எழுதினார். சிலோன் இல்லை, ஐந்து கிலோ இல்லை. விளையாட்டுச் சாமான் என்று எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "இது பறக்காது என்று மகளும், பறந்தது என்று தாயாரும் கூறுகின்றனர்." இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அந்த பைலட் பார்த்தது என்னுடையதா, பருந்தா, யார் வீட்டுக் கொடியிலிருந்தோ பறந்த ஜரிகைப் புடவையா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. சில வாரங்களில் எனக்கு ஆர்டர் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தாயிற்று. வீட்டில் எந்த வாக்குவாதம் வந்தாலும் என் கணவர் நீதிபதி மாதிரித் தொண்டையைச் செருமி, "பறக்காது என்று மகளும், பறந்தது என்று தாயாரும்" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்போம், நானும்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தாளில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டது டிப்ளமோ படித்த நான். உண்மைக்குக் கையெழுத்துப் போட்டது மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அம்மா. அதுவும் என்னைவிடப் பெரிய எழுத்தில்.