சாமிக்கு நேர்ந்த டேலியாவும் நாற்பத்தாறு உரமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருடம் யோசித்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பிழை வருமே என்பது ஒரு பயம். என் நாத்தனார் படிப்பாளே என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஏற்காடு டவுனில் எங்களுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து, கால் முறிந்து படுத்துவிட்டார். "சேர்வராயா, இவரை நடக்க வை. வைகாசித் திருவிழாவுக்கு என் கையால் வளர்த்த டேலியாவில் மாலை கட்டிக் கொண்டுவருகிறேன்" என்று எங்கள் மலைச்சாமியிடம் வேண்டிக்கொண்டேன். தை பிறந்ததும் அவர் நடந்தார். சாமி தன் பங்கை முடித்துவிட்டது. இனி என் பங்கு.

கொல்லையில் பன்னிரண்டு செடி வைத்தேன். உரக்கடையில் ஒரு மூட்டையில் 17-17-17 என்று போட்டிருந்தது. யூரியா மூட்டையில் 46. (பதினேழு மார்க் வாங்கினவனை யாராவது பாஸ் போடுவார்களா?) சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று நாற்பத்தாறையே வாங்கி, வாரம் தவறாமல் அள்ளி அள்ளிப் போட்டேன்.

செடி என்றால் அப்படியொரு செடி! என் தோள் உயரம், கரும்பச்சை இலை. பூரிப்பில், "பங்குனி கடைசி வெள்ளிக்குப் பூத்துரும், வந்து பாருங்க" என்று தெருவையே அழைத்து, சர்க்கரைப் பொங்கலும் வைத்துவிட்டேன். வந்தவர்கள் இலையை விலக்கி விலக்கித் தேடினார்கள். ஒரு மொட்டுகூட இல்லை.

"ஏனுங்க அண்ணி, இது டேலியாங்களா, கீரைங்களா? ஒரு கட்டு குடுங்க, கடைஞ்சு பாக்கறேன்" என்றாள் நாத்தனார்.

தெருவே சிரித்தது. நான் பொங்கல் கரண்டியோடு நின்றேன். சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். சாமிக்குக் கொடுத்த வாக்கு?

பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரும் வந்திருந்தார். "என்னுங்க போட்டீங்க?"

"நாப்பத்தாறுங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது அத்தனையும் தழைச்சத்துங்க அம்மிணி, இலைக்கு மட்டுந்தான். மூணு பதினேழுன்னா தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூணும் சமமா இருக்குதுன்னு அர்த்தம். வெறுஞ் சோத்தையே கொட்டியிருக்கீங்க. கொழம்பு, ரசம் வேண்டாமுங்களா?"

"இப்ப என்ன பண்றதுங்க?"

"யூரியாவத் தொடாதீங்க. நல்லாத் தண்ணி உட்டு அலசுங்க. பூவுக்கு எலும்புத் தூள் போடுங்க."

"எலும்பா! சாமி மாலைக்கா?" கரண்டி கீழே விழுந்தது.

"சரிங்க, சரிங்க, மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் போடுங்க. அதுல எலும்பு இல்லீங்க. சாம்பல்சத்துக்கு உங்க வெறகடுப்புச் சாம்பலே போதும்."

அடுப்புச் சாம்பல்! தினமும் காலையில் ஒரு கூடை அள்ளிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தேன். சாமி என் அடுப்பிலேயே வைத்திருந்ததை விட்டுவிட்டு, மூட்டையில் நம்பர் பார்த்திருக்கிறேன்!

ஒரு வாரம் பாஸ்பேட் ஒரு பிடி, மறு வாரம் சாம்பல் ஒரு பிடி. என் கை நீண்டுவிடாமல் வீட்டுக்காரர் காவல் நின்றார். சித்திரை முடியும்போது முதல் மொட்டு. திருவிழாவுக்கு முந்தின நாள் எண்ணினேன்: நாற்பத்தொரு பூ, சிவப்பும் மஞ்சளுமாக, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்!

மாலையின் ஒரு முனையை நான் தூக்கினேன், மறு முனையை நாத்தனார். கோயிலில் அவள் குரல்தான் பெரிது. "தள்ளுங்க, தள்ளுங்க! எங்க அண்ணி ஊட்டுல வளந்த பூவுங்க!"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், ஆள் வாட்டசாட்டமாக இருந்து வேலை ஒன்றும் செய்யாவிட்டால் அவர் பெயர் "நாப்பத்தாறு". அந்தப் பட்டம் முதலில் கிடைத்தது நாத்தனாரின் வீட்டுக்காரருக்கு. கொடுத்தது அவளேதான்.

செடி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பூ நாற்பத்தொன்றுதான். வாய்க்கு வாய் ஏற்றி அதையும் நாற்பத்தாறாக்கிவிடாதீர்கள்.