மறதிக்காரனுக்கு ஓலை கிடையாது

பொய் சொல்லவும் படிப்பு வேண்டும். எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி.

அப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. படகு வருகிறவரை போனில் கேம். அதில் ஒருவன் கடற்கரையில் கண் விழிப்பான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பார்க்கிறவர்கள் இரக்கப்பட்டுச் சோறு போடுவார்கள். செய்த தப்பு எதற்கும் அவன் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு அது பிடித்திருந்தது. (பிடிக்காதா பின்னே?)

ரெஜினாவோடு கல்யாணம் பேசியாகிவிட்டது. எங்கள் மாதா கோயிலில் முதலில் சாமியார் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூப்பிட்டு, செபமெல்லாம் மனப்பாடமா என்று மந்திரம் கேட்பார். ஒப்பித்தால்தான் ஓலை. அதாவது, மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பது. வருகிற ஞாயிறு தவறினால் தவக்காலம் குறுக்கே வந்துவிடும். கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகுதான்.

ரெஜினா மடமடவென்று ஒப்பித்தாள். நான் விசுவாசப் பிரமாணம் என்கிற நீள மந்திரத்தில், பாதியில் பிலாத்து பெயர் வருகிற இடம் வரை போய் நின்றுவிட்டேன். ஒரு மாதம் முன்பே புத்தகம் கொடுத்திருந்தாள். நான் கேமில் இருந்தேன்.

"அப்புறம்?" என்றார் சாமியார்.

"படகுல வழுக்கி விழுந்துட்டேன் சாமி. தலையில அடி. பழசு எதுவும் ஞாபகம் இல்ல."

"எதுவுமேவா?"

"எதுவுமே சாமி."

அவர் பேனாவை மூடினார். "அப்ப உனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆவலன்னு எப்பிடி கையெழுத்து போடுவ?"

கேமில் இதை யாரும் கேட்டதில்லை.

"ஞாபகம் வரட்டும். ஈஸ்டர் முடிஞ்சி பாக்கலாம்."

ரெஜினா என்னைப் பார்க்கவில்லை. "சாமி, இது விழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாள் பூரா போன நோண்டிக்கினு இருந்திச்சி. நாலு வருசமா என் பின்னாடிதான் சுத்துது. இதுக்கு இன்னொருத்தி எங்க கெடைப்பா?"

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நெசமா?"

"ஆமா சாமி."

"சனிக்கிழம வா. சொன்ன பொய்ய பாவசங்கீர்த்தனத்துல ஒத்துக்கினு, பிலாத்துலருந்து ஆரம்பி."

வெளியே வந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். "எதுவுமே ஞாபகம் இல்லன்னியே, அதுல நானும் சேத்தியா?"

நான் அதற்குப் பிறகு மூன்று நாள் போனைத் தொடவில்லை. சனிக்கிழமை முழுசாக ஒப்பித்தேன். ஞாயிறு ஓலை வாசித்தார்கள்.

பிறகு அந்தக் கேமை முடித்தும் பார்த்தேன். அவன் பழசைத் தேடி மலை மலையாக அலைகிறான். 'இது பொய் சொல்லுது, எனக்குத் தெரியும்' என்று சொல்ல அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி இல்லை. பாவம்.

இப்போது என் மகள் போனில் கேம் ஆடுகிறாள். அதில் எவனாவது எல்லாம் மறந்து எழுந்தால் போதும், ரெஜினா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்:

"பேர அப்பறம் கண்டுபுடி. கல்யாணம் ஆச்சான்னு மொதல்ல பாரு."