கெட்டுப்போன பிள்ளையும் இங்கிலிஷ் வகுப்பும்

லின்ஃபீல்ட், ஒக்லண்ட், நியூசிலாந்து
12.10.1996

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பெரியக்காவுக்கு,

தம்பி சோதிலிங்கம் எழுதுவது. சென்னை வெயிலில் உங்கள் முழங்கால் கொஞ்சமாவது சொல்வழி கேட்கும் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்குச் சுகத்தில் குறைவில்லை, நிம்மதிதான் இல்லை.

மகன் நிமலன் பழுதாகிவிட்டான் அக்கா. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு போனிலே குசுகுசுக்கிறான். ஆரடா என்றால் "நோபடி, டாட்" என்கிறான். எவளோ ஒருத்தி பிள்ளையைக் கெடுக்கிறாள். டிசம்பரில் அவனை உங்களிடம் அனுப்புகிறேன், பின்னறையை ஒதுக்கி வையுங்கோ.

இதற்குள் என்ரை கூத்தையும் கேளுங்கோ. கொழும்பிலே காலமெல்லாம் இங்கிலிஷிலே கணக்கெழுதின என்னை, இங்கத்தைய சான்றிதழ் இல்லாமல் நல்ல வேலை இல்லையென்று, மாலை வகுப்பிலே வியட்நாம்காரரோடு இருத்தியிருக்கிறார்கள். போன கிழமைப் பாடம், கெட்டுப்போவது. பால் திரைந்தால் ஒரு சொல்லாம், வெண்ணெய் காறினால் வேறொன்றாம், மந்திரி லஞ்சம் வாங்கினால் கரப்ட், பிள்ளை தறுதலையானால் ஸ்பொயில்ட். "பழுதாப் போச்சு" என்று ஒரே வீச்சில் முடிக்கிற எங்களுக்கு இது தேவையா? பக்கத்தில் இருக்கிற குவாங் என்கிற மனிசனுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சோடி சோடியாக நடித்துப் பழகுங்கோ என்று சொன்னா டீச்சர். குவாங்குக்கும் வீட்டிலே இதே தலையிடிதானாம். ஆரோ ஒரு பெடியன் மகளைக் கெடுக்கிறானாம், அவன்ரை தகப்பனை வாசலில் வைத்தே நாலு கேள்வி கேட்க வேணுமாம். எனக்கே ரத்தம் கொதித்தது அக்கா. நான் அந்தத் தகப்பனாக நின்று, "யுவர் சன் இஸ் ரொட்டன், யூ ஸ்பொயில்ட் ஹிம், யுவர் ஹோல் ஃபேமிலி இஸ் கரப்ட்" என்று அவரைப் பாடமாக்க வைத்தேன். விரலை எப்படி நீட்டுவது என்றும் காட்டிக் கொடுத்தேன்.

முருகன் உங்களுக்கும் அத்தானுக்கும் துணை. என்ரை மனிசி ரதிதேவி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் ஆசியை வேண்டும்
தம்பி சோதி

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்கு முதல் வாசல் மணி அடித்தது. திறந்தால் குவாங். பின்னால் அவருடைய மகள், அவளுக்குப் பின்னால் எங்கட நிமலன். என்னைக் கண்டு மனிசன் திகைத்துப்போனார். ஆனால் பாடமாக்கினதை வீணாக்க மனமில்லை, விரலை நீட்டி முழுவதையும் சொல்லி முடித்தார். ஒரு பிழையில்லை. "வெரி குட்" என்று என்ரை வாய் தானாகச் சொல்லிப்போட்டுது. அந்தப் பெட்டை செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, ரதிதேவிக்குத் தேத்தண்ணி ஊற்ற உதவி செய்கிறாள். நிமலன் ஒருநாளும் சப்பாத்தைக் கழற்றினவனில்லை, இன்றைக்கு அவளைப் பார்த்துக் கழற்றினான். அவனை அனுப்பவில்லை அக்கா. பின்னறையை எனக்கே வையுங்கோ.