ரெட்டைச் சுத்து மோட்டார்

என் மச்சானுக்கு நான் ஒரு காலத்தில் பன்னிரண்டாயிரம் கடன்பட்டிருந்தேன். ஷேப்பர் மெஷின் வாங்கக் கொடுத்தார். இரண்டே வருஷத்தில் வட்டியோடு திருப்பிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இன்றைக்குச் சொந்தப் பட்டறையில் நாலு மெஷின் ஓட்டுகிறேன். யாருக்கும் ஒரு பைசா பாக்கி கிடையாது. ஆனால் கடன்தான் தீர்ந்ததே தவிர, கடன் கொடுத்தவர் தீரவில்லை.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எப்போதோ ஒருவனுக்குக் கை கொடுத்திருப்பார். அன்றிலிருந்து அவன் மூளையில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வார். அவன் வீடு கட்டினால் ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வார், பெண்ணுக்கு வரன் பார்த்தால் பையனுக்கு மூக்கு சரியில்லை என்பார், தலைவலி என்று படுத்தால் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடச் சொல்வார். வலி போனால் இவர் யோசனையால் போனது. போகாவிட்டால் அவன் சரியாக உடைக்கவில்லை. யாராவது கேட்டார்களா? கேட்கவே வேண்டாம். உட்கார ஒரு நாற்காலி போதும்.

போன மாதம் ஷேப்பரின் மோட்டார் கருகிவிட்டது. ஷேப்பர் என்பது முன்னும் பின்னுமாகத் தலையை ஆட்டி இரும்பைச் சீவுகிற கிழட்டு யானை. அதன் நடை அதற்கு. இரண்டு தடவை உள்ளே கம்பிச் சுருளை மாற்றிக் கட்டியாயிற்று, இனிமேல் புதுசுதான் என்று வயர்மேன் கைவிரித்தார். பம்ப் கம்பெனிக்கு இருபது இரும்புக் கட்டை அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் போகவேண்டும். போகாவிட்டால் வருஷம் முழுக்க வருகிற வேலை அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடும். அவர்கள் வாயாலேயே சொன்னது.

வழக்கம்போலப் பட்டறையில் உட்கார்ந்திருந்த மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்தாலே எனக்குச் செலவு.

"நீங்க பழசைக் கழட்டுங்க மாப்பிள்ளை. மோட்டாரை நான் வாங்கிட்டு வரேன்."

"ரெண்டு எச்.பி. நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது சுத்து. பழசு மேல எழுதியிருக்கு பாருங்க. அதே மாதிரி வேணும்."

"எனக்கே சொல்றீங்களா?"

பதினோரு மணிக்கு வந்து இறங்கினார். மோட்டார் பழையதைவிடக் குட்டை. அடித்தகட்டின் துளை பொருந்தவில்லை. வயர்மேன் புதுத் துளை போட, மச்சான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு யோசனை சொன்னார். பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்தியதும், ஏன் தொங்குகிறது என்றார். நான் கட்டையை வைஸ் பிடியில் இறுக்கி, சீவுகிற டூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நூலளவு தேய்மானத்தைத் தூரத்திலிருந்தே சொல்லுகிற கண், மோட்டார்மேல் இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஸ்விட்சைப் போட்டோம்.

யானை குதிரையாகிவிட்டது. தலை பறக்கிறது, தரை அதிர்கிறது, மேசைமேல் இருந்த ஸ்பானர்கள் ஒவ்வொன்றாகக் கீழே குதிக்கின்றன, டூலின் முனை தெறித்து வாசலைத் தாண்டிப் போகிறது. சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினேன்.

"அப்பவே சொன்னேன், பெல்ட் சரியில்லைன்னு," என்றார் மச்சான்.

வயர்மேன் குனிந்து படித்தார். "ஐயா, இதுல ரெண்டாயிரத்து எண்ணூத்தி எண்பது சுத்துன்னு போட்டிருக்கு. ரெட்டிப்பு."

"தெரிஞ்சுதான் வாங்கினேன் தம்பி. விலையும் கம்மி, சுத்தும் டபுள். இருபது கட்டையும் மூணு மணிக்கே முடிஞ்சிருமே."

"மச்சான், சோத்தை ரெட்டை வேகத்துல வாய்க்குள்ள தள்ளினா ரெட்டைப் பசி தீருமா?"

"தீராட்டி என்ன? நேரம் மிச்சம்தானே."

இதற்கு மேல் பேசினால் ஆறு மணி வந்துவிடும். மோட்டாரைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். ஓட்டிப் பார்த்த மோட்டார் என்று ஆயிரத்து ஐநூறு கழித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தான் கடைக்காரன். ஒன்றரை மணிக்கு யானை தன் நடைக்குத் திரும்பியது. நான் சாப்பிடவில்லை, வயர்மேனும் சாப்பிடவில்லை. ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருபதாவது கட்டை வண்டியில் ஏறியது. சூடு ஆறாமலே ஏறியது.

பட்டறைக்கு வரவு செலவு பார்ப்பவள் என் மனைவி. மச்சானுக்குச் சொந்தத் தங்கை. நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணே, கடைக்காரன் ஆயிரத்து ஐநூறு கழிச்சுட்டான்."

"அநியாயம். அந்தக் கடையே சரியில்லைன்னு நான் அப்பவே..."

"கடையைப் புடிச்சதே நீங்கதான். எடுங்க."

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்?"

"நல்லதுக்குத்தான். அதனாலதான் உடைஞ்ச டூலுக்குக் கேக்கல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எப்போதோ யாருக்காவது அவசரத்துக்குக் கொடுத்து உதவியிருக்கிறீர்களா? நீங்கள் உள்ளே நுழைந்ததும் அவன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டு, வெயில் ஜாஸ்தி என்று உங்களிடம் ஆரம்பிக்கிறானா? அப்படியானால் அடுத்த தடவை போகும்போது பையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு போங்கள்.

மச்சானிடம் இருந்தது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, நூறு நூறாகப் பதினைந்து தாளைத் தங்கையின் விரித்த கையில் எண்ணி வைத்தார். எண்ணி முடிக்கிறவரை ஒரு யோசனையும் சொல்லவில்லை.