பொறுங்கோ அங்கிளும் நாலுகால் கோட்டும்

குரூஸ் என்றால் கப்பல் என்று நினைத்தவன் நான். கப்பல் என்றால் நீச்சல் குளம், வாய் வலிக்கும் அளவுக்குச் சாப்பாடு, கடைசி நாள் கேப்டனோடு விருந்து. விருந்து என்றால் கோட்டு சூட்டு. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக முட்டாள்தனத்தை அடுக்கி, சிட்னி பென்டில் ஹில்லிலிருந்து வட குயின்ஸ்லாந்து மழைக்காட்டுக்குக் கல்யாணக் கோட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுபோன ஒரே தமிழன் நான்தான். வேறு யாராவது இருந்தால் கைகொடுக்கத் தயார்.

படகுத்துறையில் எங்களுக்காக நின்றது தகரக் கூரை போட்ட ஒரு தட்டைப் படகு. எட்டுப் பேர் படுக்கலாம். ஒன்பதாவது ஆள் தும்மினால் கவிழும். அதில் மூன்று நாள் ஆற்றில் போய், விலங்கு பார்த்துத் திரும்ப வேண்டும். என் மனைவி கல்பனா படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஸ்விம்மிங் பூல் எங்கங்க?"

நான் ஆற்றைக் காட்டினேன்.

"அதுல முதலை இருக்காமே?"

"எல்லாம் சேத்துதான் பேக்கேஜ்" என்றேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் படகில் ஏறினாள்.

அந்தப் படகில்தான் பொறுங்கோ அங்கிள் இருந்தார். காட்டு உயிர்களைப் பார்க்கக் கிளம்பி, ஒன்றையும் பார்க்காமல் வீடு திரும்புவதில் அவருக்கு ஈடாக இந்தக் கண்டத்தில் ஆளே கிடையாது. எழுபது வயது யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஏரியாவுக்குப் பக்கத்திலேயே, கிரவீனில் வீடு. ஏறியவுடன் பெயர் கேட்டேன். "பொறுங்கோ, சொல்லுறன்" என்றவர் அதே நொடியில் ஏதோ பறவைச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். இன்றுவரை சொல்லவில்லை.

கழுத்தில் பைனாகுலர், கேமரா, கண்ணாடி, விசில். அங்கே தொங்கியதை எல்லாம் பரப்பினால் ஒரு சின்னக் கடை போடலாம். காட்டில் அமைதி முக்கியம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை அவர் கத்தித்தான் சொல்வார்.

"பொறுங்கோ! ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ!"

அந்தச் சத்தத்தில் மரத்தில் தொங்கிய வௌவால்கள் மொத்தமும் கிளம்பிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். முதல் நாள் ஒரு மரக்கட்டையை முதலை என்று சொல்லி, எங்களை எல்லாம் மூச்சுவிடாமல் உட்காரவைத்து, இருபது படம் எடுத்தார். இரண்டாம் நாள் படகோட்டும் பெண் நிஜ முதலையையே காட்டினாள். "அது கட்டை, பிள்ளை" என்று அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. படகில் என்னைவிடப் பெரிய கோமாளி ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

பேச்சில்தான் கொஞ்சம் சிக்கல். பென்டில் ஹில்லில் நாலு வருஷம் இருந்ததில் ஓம், குசினி, கதிரை மூன்றும் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத் தமிழில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்ட நினைப்பு. இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தட்டில் சோறு போட்டேன். "காணும், காணும்" என்றார். எதைக் காணோம் என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன். அதற்குள் கையிலிருந்த கரண்டி இன்னும் இரண்டு தரம் கவிழ்ந்துவிட்டது. "போதும்னு சொல்றாருங்க!" என்று கல்பனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார் அங்கிள். முதலை, பாம்பு எதுவும் அவருக்கு வேண்டாம். அவர் வந்தது கசோவரிக்காக. ஆள் உயரத்துக்கு நிற்கும் பறவை, பறக்காது. கறுப்பு உடம்பு, நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி ஒரு மகுடம். காலால் உதைத்தால் வயிறு கிழியும். அதைப் பார்க்க இதற்கு முன் நாலு தரம் வந்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் அது இப்போதுதான் போனது என்றார்களாம். இல்லாவிட்டால் இவர் போனபிறகு வந்ததாம்.

"முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு வீட்டில மனுசி சொல்லிப்போட்டா தம்பி, இந்த முறையோட காணும் எண்டு. நாளைக்குக் காணாட்டி இந்தச் சென்மத்தில இல்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது. நான் அதிகமாகப் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசி நாள் விடிந்தபோது, இரண்டு நாள் மழையில் என் துணி எல்லாம் நனைந்து, நனையாமல் மிஞ்சியது கோட்டு சூட்டு மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு படகு நுனியில் நின்று செல்ஃபி எடுத்தேன். போன் ஆற்றுக்குள் போனது. அதுவரை எடுத்த படங்களும் அதோடு போயின. படகில் இருந்த அத்தனை பேரும் வரிசையாக வந்து என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். கல்பனா மட்டும் சொல்லவில்லை. அவள் சிரித்து முடிக்கவில்லை.

அங்கிள் காலையிலிருந்து பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. ஆறு வளைந்தது, காடு போனது, கசோவரி மட்டும் வரவில்லை. மத்தியானம் ஒரு சின்ன மரப்பாலத்தில் படகைக் கட்டினார்கள். இதுதான் கடைசி நிறுத்தம்; கொஞ்சம் காலாற நடக்கலாம், ஆனால் தின்பண்டம் எதையும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று படகுப் பெண் சொன்னாள். அது மற்றவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுத் தர்ப்பூசணியோடு நான் முதல் ஆளாக இறங்கினேன். கொஞ்சதூரம் போய், படகைப் பார்த்துத் திரும்பி நின்று, கோட்டில் சாறு படாமல் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி... ஆறுதலா... ஆறுதலா..."

படகு ஓரத்தில் அங்கிள். மூன்று நாளில் முதன்முறையாகக் கிசுகிசுப்பாகப் பேசுகிறார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"பரவாயில்ல அங்கிள்!" என்று கத்தினேன். "போன் தானே! போனா போகட்டும்!"

"ஐயோ, கதையாதையும்! ஆறுதலா வாரும்!"

"ஆறுதல் எல்லாம் வேணாம் அங்கிள். புதுசு வாங்கிக்கிறேன்!"

"அட மனுஷா, பின்னாடி பாருங்க!" இது கல்பனா.

பார்த்தேன். கறுப்பு உடம்பு, நீலக் கழுத்து, மகுடம். என் உயரம். அதன் கண் என் முகத்தில் இல்லை, தர்ப்பூசணியில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுதலா என்றால் மெதுவாக என்று அர்த்தம் என்பது அந்த நொடியில் எனக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது.

"ஓடாதையும்" என்றது அங்கிளின் குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "அதைப் பாத்தபடியே பின்னுக்கு வாரும். இடது கால். பொறும், அதில வேர் கிடக்கு. ஓம். இப்ப மற்றக் கால்."

"டிராப் தி மெலன், மேட்!" என்றாள் படகுப் பெண்.

எனக்கும் போட ஆசைதான். கை விரியவில்லை.

"வீட்ல எதைக் குடுத்தாலும் கீழ போடுவீங்களே, இப்பப் போடுங்களேன்!" என்று அழுகிற குரலில் கல்பனா.

அவள் திட்டியதில்தான் விரல் விட்டது. தர்ப்பூசணி விழுந்தது. கசோவரி குனிந்து, அதைத் தோலோடு விழுங்கியது. என் கோட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது. நான் பின்பக்கமாகவே நடந்து படகில் விழுந்தேன். அங்கிள் இரண்டு கையையும் நீட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். கேமரா அவர் கழுத்தில் மூடி கழற்றாமல் ஆடிக்கொண்டிருந்தது. படகுப் பெண் என்னைத் திட்டிய ஆங்கிலத்தை இங்கே அச்சில் போட முடியாது.

படகு திரும்பியது. கல்பனா தன் போனில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தாள். அதில் என் முதுகுதான் முழுக்க. பறவை எனக்கு அந்தப் பக்கம் மறைந்துபோய், கோட்டுக்குக் கீழே நாலு கால் மட்டும் தெரிந்தது.

அங்கிள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"படம் போனா என்ன அங்கிள்? கடைசியில கண்ணால பாத்துட்டீங்கல்ல? அந்த நீலக் கழுத்து, மகுடம் எல்லாம்?"

"எங்க பாத்தது? நான் உம்மையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."