வாள்காரியின் தோளில் ஒரு தலை

வாள்காரிக்குப் பின்னால் சுவரில் மறுபடியும் அந்த நிழல். ஆண் நிழல். வளைந்த முதுகு, முன்னால் நீண்ட கழுத்து.

"யாருடா நீ?" என்றான் படக்காரன், திரையைப் பார்த்து.

கம்பெனி தயாரிக்கும் வீடியோ கேமுக்குள் போய், வெளிச்சம் வைத்து, கதாநாயகியான வாள்காரியை அழகாகப் படம் எடுப்பது அவன் வேலை. உள்ளே நடமாட அவனுக்கென்று ஒரு பொம்மை ஆள் உண்டு. குறுக்கே வந்து தொலைக்கக் கூடாதென்று அந்த ஆளின் உடம்பைக் காலையிலேயே மறைத்துவிட்டான். ஆனாலும் எடுத்த படத்திலெல்லாம் நிழல்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு உருப்படியான படம் வரணும். இல்லைன்னா வெளியாள்கிட்ட குடுத்துடுவேன். நீ வீட்ல உக்காந்து டார்ச் அடிச்சு விளையாடு" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கேமுக்குள் கேமராவைத் திருப்பிப் பார்த்தான். சந்து காலி.

நிழலைக் கரைக்க இன்னொரு விளக்கை வைத்தான். நிழல் இரண்டாயிற்று. பாவி, கூட்டாளியையும் கூட்டி வந்துவிட்டான். விளக்கை அணைத்துவிட்டுச் சூரியனைக் கீழே இறக்கினான். நிழல் நீண்டு வந்து, வாள்காரியின் தோளில் தலையை வைத்து, காதில் ஏதோ வத்தி வைப்பது போல நின்றது.

அடுத்த சந்துக்குப் போனான். அங்கேயும் வந்து நின்றது.

உள்ளே நுழையும் பாஸ்வேர்டு இன்னொருவனுக்குத்தான் தெரியும். புரோகிராமர். பெண்டாட்டியின் தம்பி. அவனுடைய சிநேகிதன் ஒருவன் படம் எடுக்கத் தெரிந்தவன், வேலையில்லாமல் இருக்கிறான். படக்காரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பூனை போல எழுந்து போய், மச்சான் சீட்டுக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டினான்.

"என்ன மாமா, கழுத்து சுளுக்கா?"

"தண்ணி குடிக்க வந்தேன்."

"தண்ணி அந்தப் பக்கம்."

மாடிப்படிக்குப் போய்ப் பெண்டாட்டிக்குப் போன் போட்டான்.

"உன் தம்பி என் வேலைக்கு உலை வைக்கிறான்."

"அந்த வேலையை வாங்கிக் குடுத்ததே அவன்தான். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் நம்ம வைஃபையைத் திருடறாருன்னீங்க. அவர்கிட்ட இருக்கிறது பட்டன் போன்."

"இது வேற. நிழல் பின்னாடியே வருது."

"இருங்க, அவனையே கேட்கிறேன்."

"ஏய், வேண்டாம்..."

வைத்துவிட்டாள். உள்ளே மச்சானின் போன் அடித்தது.

வேறு வழியில்லை. கேமில் நிழல் என்ற ஒன்றையே மொத்தமாக நிறுத்தி, படத்தை எடுத்து முதலாளிக்கு அனுப்பினான். அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"என்னய்யா இது? கால் தரையில ஒட்டவே இல்ல. வாள்காரியா, மோகினியா?"

"நிழலை எடுத்துட்டேன் சார்."

"எதுக்கு?"

"உள்ள ஒருத்தன் இருக்கான் சார். உளவாளி."

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் பழைய படங்களைப் போடச் சொன்னார். கழுத்து நீண்ட உருவம் சுவர் முழுக்க நின்றது.

"முகமே தெரியல. ஆனா திருட்டு முழி தெரியுது" என்றார் முதலாளி.

"பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க சார்" என்றான் படக்காரன், மேற்கூரையைப் பார்த்து.

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள்.

"மாமா, அக்கா மேல சத்தியமா நான் இல்ல. அக்காகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"குடும்பப் பஞ்சாயத்தை வீட்ல வச்சுக்குங்க. இவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், இன்னைக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பறேன். சொந்தக்காரன் எவன் சிபாரிசுக்கு வந்தாலும் சரி."

"அதான் சார் நியாயம்" என்றான் படக்காரன். மனசு குளிர்ந்தது.

பார்சலுக்குக் கையெழுத்து வாங்க வந்து நின்ற வாட்ச்மேன், திரையை அண்ணாந்து பார்த்தார்.

"அட, நம்ம படக்கார சார்! கேம்ல நடக்கற ஆளுக்கு அளவெடுக்கணும்னு போன மாசம் உடம்பெல்லாம் பொட்டு ஒட்டி இவரைத்தானே நடக்க விட்டீங்க? தினமும் அடுத்தவங்க சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி அப்படியே வந்திருக்கு சார்!"