மைனஸ் இருபத்து நான்கில் எண்ணெய்க் குளியல்

என் உடம்பில் இரண்டு விஷயங்கள் நன்றாக ஊறியிருக்கின்றன. ஒன்று நல்லெண்ணெய், இன்னொன்று பயம். முதலாவதைக் கொடுத்தது விருதுநகர். இரண்டாவதைக் கொடுத்தது சிவகாசிப் பட்டாசு. இரண்டும் ஒரே நாளில் வேலையைக் காட்டினால் என்ன ஆகும் என்பதை, அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில், ஒரு சனிக்கிழமை முற்பகலில், மைனஸ் இருபத்து நான்கு டிகிரிக் குளிரில், இடுப்பில் ஒற்றைக் கைலியோடு நின்று தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன்பு ஆறு வருஷம் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். அப்பா அதே ஆலையில் போர்மேன். காலையில் கேட்டில் நின்று, நைலான் சேலை கட்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது, செல்போனைப் பிடுங்கி வைப்பது, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வைப்பது எல்லாம் என் வேலை. உடம்பில் சேர்ந்திருக்கும் சின்ன மின்சாரம் அந்தத் தகட்டில் இறங்கிவிடும். இறங்காமல் போய், விரல் நுனியில் ஒரு பொறி தட்டினால் போதும், அப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

மாதம் ஒருமுறை ஒத்திகையும் உண்டு. நான் விசில் ஊதியதும் எல்லோரும் ஓடிவந்து வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். நான் தலைகளை எண்ணுவேன். கையில் இருப்பதைப் போடு, செருப்பைத் தேடாதே, காரணம் கேட்காதே, வெளியே ஓடு. இதுதான் நான் சொல்லிக்கொடுத்த பாடம். (சொல்லிச் சொல்லி எனக்கே மூளையில் அந்த நாலு வரியைத் தவிர வேறெதற்கும் இடமில்லாமல் போய்விட்டது.)

மினியாபொலிஸில் ஒரு பெயிண்ட் கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. காரியாபட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி மகேஸ்வரிக்கு எல்லாம் புரிந்தது.

"வாரேன். வரமாட்டேன்னு சொல்லல. ஆனா எனக்கும் பாப்பாவுக்கும் ரிட்டர்ன் டிக்கெட்டும் சேத்துப் போடுங்க. தை மாசம் முடியக்குள்ள எனக்கு அங்கன ஒத்துக்கிடலேன்னா நாங்க ரெண்டு பேரும் கெளம்பிருவோம். நீங்க இருந்து சம்பாரிங்க."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. நாலு வயது யாழினியையும் இவளையும் விட்டுவிட்டு என்னால் நாலு நாள் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கிளம்பும்போது அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். பெட்டியில் நாலு லிட்டர் நல்லெண்ணெயும், இரண்டு கிலோ சாத்தூர்ச் சேவும் ஏற்றினாள். "ஏலே, அங்கன எண்ண கெடைக்குமோ என்னமோ. சனிக்கெளம தேச்சுக் குளிக்காம இருந்துராத, சூடு புடிச்சுக்கிரும்" என்றாள். (போகிற இடம் எப்படிப்பட்டது என்று நான் விளக்கவில்லை.) விருதுநகர் பஜாரில் ஸ்வெட்டர் விற்றவர், "இது ஊட்டிக்கே ஜாஸ்தி அண்ணாச்சி" என்று சத்தியம் செய்தார். ஊட்டிக்கு ஜாஸ்தியாகத்தான் இருந்திருக்கும். மினியாபொலிஸ் விமான நிலைய வாசலில் அதைப் போட்டிருக்கிறேனா என்று நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் போய் இறங்கினோம். பழைய செங்கல் கட்டடம், நாலு மாடி, எங்களுக்கு மூன்றாவது மாடி. ஆறு வாரம் ஓடிவிட்டது. நான் காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருவேன். மகேஸ்வரியும் யாழினியும் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வராந்தாவில் கதவுகள் சாத்தியே கிடக்கும்.

"நம்ம ஊர்ல கதவத் தெறந்தா மூணு பேரு சாப்பிட்டீகளானு கேப்பாக. இங்கன ஆறு வாரமா ஒரு ஆளு கேக்கல. நெசமாவே இந்தக் கட்டடத்துல மனுச மக்க இருக்காகளா?" என்று ஒருநாள் கேட்டாள். மறுநாள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, திறந்து, படுக்கையறையில் போட்டாள். அதற்குள் எதையும் வைக்கவில்லை. சும்மா திறந்து வைத்தாள். அவ்வளவுதான், எனக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்குப் பொறி வேறு. அந்த ஊர்க் குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும். தரைவிரிப்பில் நாலு அடி நடந்து கதவுப் பிடியைத் தொட்டால் விரலில் 'டப்' என்று நீலமாகத் தெறிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொரியும். மற்றவர்களுக்கு அது தொந்தரவு. எனக்கு அது குலைநடுக்கம். சமையலறையில் கிடந்த செம்புத் தட்டில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி, வாசலில் தொங்கவிட்டேன். வீட்டுக்குள் வருகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டேன். யாழினி அதைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். மகேஸ்வரி தொடமாட்டாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நாங்கள் போனதிலிருந்து எங்கள் கூடத்து ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஜன்னலுக்குக் கீழே நிற்கிற பழைய இரும்பு ஹீட்டர் அது. அன்று காலை ஒரு நெட்டை மனிதர் வந்து அதைப் பழுது பார்த்தார். போகும்போது மூன்று நிமிஷம் மளமளவென்று என்னவோ சொன்னார். நான் பதின்மூன்று முறை தலையாட்டினேன்.

"என்ன சொன்னாக?" என்று மகேஸ்வரி கேட்டாள்.

"எல்லாம் சரியாயிருச்சாம்" என்றேன். (எனக்குப் புரிந்தது கடைசியாகச் சொன்ன 'ஓகே' மட்டும். ஆனால் ஒரு பாதுகாப்பு அதிகாரி, பாதுகாப்பு பற்றிச் சொன்னது புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?)

அம்மாவின் கட்டளைப்படி கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். கஞ்சத்தனமே இல்லை. ஊறட்டும் என்று கண்ணை மூடப் போகிற நேரம், மகேஸ்வரி புது ஸ்வெட்டரோடு வந்து, ஹீட்டர் சூடாகிறதா என்று பார்க்க விரலை நீட்டினாள். விரலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு நீலப் பொறி தெறித்தது. அதே நொடியில் ஹீட்டருக்குள்ளிருந்து 'புஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கிளம்பியது.

பொறி. அடுத்து புஸ். சிவகாசிக்காரனுக்கு அதற்கு அடுத்தது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாழினியை ஒரு கையில் அள்ளினேன். மகேஸ்வரியை இன்னொரு கையில் இழுத்தேன். "செருப்பு, செருப்பு" என்று கத்தினாள். செருப்பைத் தேடாதே என்று பாடம் எடுத்தவனிடமா! வராந்தாவில் இருந்த தீ அபாய மணியின் சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கட்டடமே அலறியது. அதுவும் போதாமல் மூன்று மாடிக் கதவுகளையும் தட்டிக்கொண்டே, "வெளிய வாங்க! வெளிய வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு இறங்கினேன். ஆறு வாரமாகப் பழகிய ஆங்கிலம் அன்றைக்குப் பார்த்து லீவு போட்டுவிட்டது.

வாசலைத் தாண்டி எதிரே ஒரு மொட்டை மரம் இருந்தது. மரத்தடியில் நின்றால்தான் எனக்குத் தலை எண்ண வரும். அங்கே போய் நின்ற பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் ஊரில் வெளியே வந்துவிட்டால் பிழைத்தோம். இந்த ஊரில் ஆளைக் கொல்வதே வெளியேதான். யாழினியின் காலில் ஒரு மெல்லிய காலுறை. மகேஸ்வரி வெறுங்காலோடு பனியில் நிற்கிறாள். அந்தக் குளிரில் குழந்தையின் விரல்கள் எவ்வளவு சீக்கிரம் மரத்துப்போகும் என்று பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் மனித மக்கள் வந்தார்கள். கதவுக்குக் கதவு சாத்திக் கிடந்த கட்டடத்திலிருந்து வரிசையாக, கோட்டும் தொப்பியுமாக வந்தார்கள். கீழ்வீட்டு லிண்டா என்ற அம்மாள் தன் கோட்டு ஜிப்பைத் திறந்து, யாழினியை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். யாழினியின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் டேவ் ஆறரை அடி உயரம், நெஞ்சுவரை தாடி. அவர் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் பூட்ஸ்களைக் கழற்றி மகேஸ்வரியின் காலில் மாட்டிவிட்டு, வெறும் காலுறையோடு எழுந்து நின்றார். யாரோ என் முதுகில் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். எண்ணெயில் அது அப்படியே என்மேல் ஒட்டிக்கொண்டது.

நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்களோடு சேர்த்து நாற்பத்தொரு பேர். மூன்று தடவை எண்ணியும் நாற்பத்தொன்று.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி இறங்கி வந்து என்னைப் பார்த்தார். கிட்ட வந்து மோந்து பார்த்தார்.

"உங்கள் மேல் இருப்பது என்ன?"

"எண்ணெய்."

தீயணைப்புக்காரர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்வாங்கினார்கள். குளிப்பதற்காகத் தேய்த்தது என்று விளக்கினேன். குளிப்பதற்கு எதற்கு எண்ணெய் என்று கேட்டார். இன்று சனிக்கிழமை, அம்மா சொல்லியிருக்கிறாள் என்றேன்.

ஆட்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பழுது பார்த்த ஹீட்டரில் நீராவி ஏறும்போது அப்படித்தான் சீறுமாம். கட்டட மேலாளர் என்னிடம் வந்து, "பழுது பார்க்க வந்தவர் காலையிலேயே சொன்னாரே, முதல் தடவை சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று?" என்றார். மகேஸ்வரி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் சரியாயிருச்சுனுல்ல சொன்னீக?"

ரிட்டர்ன் டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன். அதிகாரி என் ஊரைக் கேட்டார். சொன்னேன், பட்டாசு செய்கிற ஊர் என்று. ஒத்திகை, செம்புத் தகடு எல்லாம் சொன்னேன். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் காலியான கட்டடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு வேகமாக ஒரு கட்டடம் காலியானதை நான் பார்த்ததில்லை. அடுத்த தடவையும் ஓடுங்கள். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள்" என்று சொல்லி என் கையைக் குலுக்கினார். கையுறை நாசம்.

பக்கத்தில் ஏதோ சத்தம். திரும்பினால், முழங்கால் வரை வருகிற டேவின் பூட்ஸ்களுக்குள் நின்றுகொண்டு மகேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், ஒரு அடி எடுத்து வைக்கப் போய்ப் பனியில் உட்கார்ந்துவிட்டு, உட்கார்ந்தபடியே சிரித்தாள். ஆறு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. லிண்டா சிரித்தாள், டேவ் சிரித்தார், நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் எண்ணெய் வடிய நின்றேன். அவள் சிரிக்கட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படி நிற்கிறேன் என்று தோன்றியது.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. லிண்டா, கையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய சூப். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். மகேஸ்வரி பாத்திரத்தை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாத்தூர்ச் சேவு டப்பாவைத் திறந்தாள். அதற்குள் குட்டிக் கோட்டு, பூட்ஸ், கையுறை என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். டேவ் காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே அரைக் கிலோ சேவைக் காலி செய்தார். வந்த ஒவ்வொருவரும் வாசலில் தொங்கிய செம்புத் தட்டைத் தொட்டுவிட்டு வந்தார்கள், யாழினி விடவில்லை. அன்று சாயங்காலம் மகேஸ்வரி பெட்டியை மூடிப் பரணில் ஏற்றினாள்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. நாங்கள் அதே கட்டடத்தில்தான் இருக்கிறோம். சனிக்கிழமை காலையில் டேவ் கதவைத் தட்டி, "இன்று எண்ணெய் உண்டா? நான் பூட்ஸ் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்பது இன்னும் நின்றபாடில்லை. கம்பெனி விருந்துகளில் மகேஸ்வரி இந்தக் கதையைச் சொன்னால், 'புஸ்' வரும் இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பத்து வயது யாழினி இதைத் தாத்தா வீட்டுக் கூடத்தில் சொன்னாள். அப்பாவும், அவரோடு ஆலையில் வேலை பார்த்த நாலைந்து பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விரலை நீட்டி, பொறியைக் காட்டி, கன்னத்தை உப்பிப் 'புஸ்ஸ்ஸ்' என்றாள். வழக்கமாகச் சிரிக்கிற இடம். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. டீ டம்ளர்கள் பாதியில் நின்றுவிட்டன. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யாழினியைக் கேட்காமல் மகேஸ்வரியைக் கேட்டார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாகளாம்மா?"

"வந்துட்டாக மாமா. நாப்பத்தொரு பேரும் வந்துட்டாக. வந்தவுக அப்படியே நம்ம வீட்டுக்குள்ளயும் வந்துட்டாக."

அதற்குப் பிறகுதான் அவர்கள் சிரித்தார்கள்.